முப்பத்தைந்துக்குக் கீழே

வங்கியில் உன் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள், ஷிஜோ.
சிஜி என்று, பெண்பிள்ளை போல.
அதைத் திருத்த
பூத்துறையிலிருந்து நித்திரவிளைக்கு
மூன்று முறை பேருந்து ஏறினேன்.
நலவாரியம் தந்ததில் அப்பாவின் கடன் போக மிஞ்சியது,
அதோடு என் வளையல் ஒன்று.
வைப்புத்தொகை.
வருட வட்டி ஆறாயிரத்துச் சொச்சம்.
உன் கூட்டாளிகளுக்கு ஊரில் தலை நரைக்கும்,
நீ இனி
வங்கியில் மட்டும் முதிர்வாய்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான்.
'கணக்கில் முதல் மார்க் எடுக்கிற பிள்ளைக்குக் கொடுப்போம்' என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அடக்கப் பார்த்தேன்,
அது கண்வழியே போய்விட்டது.

கணக்கு!
இருபத்தொன்பது, முப்பத்திரண்டு, பத்தொன்பது,
கடைசியில் முப்பத்துநான்கு.
காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருகிற அந்தோணியாரிடம்
அந்த ஒரு மார்க்கைக் கேட்டு
அம்மா மெழுகுதிரி நேர்ந்தாள்.
'அவருக்கும் கணக்கு வராது போல'
என்று சொல்லிவிட்டுத்தான் நீ போட்டில் ஏறினாய்.

அடக்கத்துக்கு வந்த ஸ்ராங்கு சொன்னார்:
டீசல் எத்தனை பீப்பாய், ஐஸ் எத்தனை நாளுக்கு,
பதினொரு பேருக்குப் பங்கு எவ்வளவு,
எல்லாம் வாயாலேயே போடுவானம்மா,
ஒரு ரூபாய் பிசகாது.

அவர் இன்னொன்றும் சொன்னார்,
அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தபோது
கரை எவ்வளவு தூரம் என்று கேட்டாயாம்.
அறுநூறு மைல்.
மணிக்கு ஏழு மைல் போகும் போட்டு.
'மூணு நாள் பதினாலு மணிக்கூறு' என்றாயாம்,
கண்ணை மூடிக்கொண்டே.
வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.
சரியான விடை.
மார்க் போடத்தான்
யாருமில்லை.

'தோற்ற பிள்ளைக்குத்தான் சார்' என்றேன்.
'துணைத்தேர்வுக் கட்டணம், ட்யூஷன், பஸ் காசு.'
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'சான்றிதழில் என்னவென்று அச்சடிப்பது?'
அச்சடிக்க வேண்டாம் என்றேன்.

ஆனாலும் ஆண்டுவிழாவில் உன் பெயரை வாசித்தார்கள்.
உன் படத்துக்குப் பிச்சிப்பூ மாலை.
மைக்கில் இரண்டு முறை அழைத்தும்
மேடைக்கு யாரும் வரவில்லை.
கணக்கில் தோற்றவள் நான்தான் என்று
ஊர் பார்க்க எந்தப் பிள்ளை படியேறும்?
எனக்கு அது தோன்றவே இல்லை.
நீயாக இருந்தால்
மதில் ஏறிக் குதித்திருப்பாய்.
உறையை மடியில் வைத்துக்கொண்டு
பந்தல் பிரிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இப்போது மேடை கிடையாது.
அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பின்னால் உறை.
பள்ளி எழுத்தர் காதோடு சொல்லி அனுப்புவார்.
ஜெபமாலை முடிந்து தெரு அடங்கியபின்
பின்கதவை யாராவது விரலால் தட்டுவார்கள்.
நாய்கூட இப்போது குரைப்பதில்லை.
போகும்போது சிலர் உன் படத்தைப் பார்ப்பார்கள்,
சிலர் பார்க்கமாட்டார்கள்.
'அண்ணன் பிறகு பாஸானாரா?' என்று ஒருவன் கேட்டான்.
இல்லை என்றேன்.
அவனுக்கு அது ஏனோ பிடித்திருந்தது.

நேற்று சைஜி வந்தாள்.
போன தடவை வாங்கிப் போனவள்.
படியேறாமல்
மணலைக் காலால் கிளறிக்கொண்டு நின்றாள்.
'அக்கா, ஒராளுக்கு எத்தற தடவ தருவிய?'

விதிகளை எழுதியது நான்தான்,
பழைய டைரியில் ஒரு பக்கம்.
அதில் அப்படியொரு வரி இல்லை.
'எவ்வளவு எடுத்த, மக்களே?'
'இருவத்தொண்ணு.'
'பத்தொன்பதைவிடக் கூடுதல்' என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.

உறையைப் பிரித்து
விளக்குப் பக்கம் திரும்பி எண்ணினாள்.
எச்சில் தொட்டு, அவசரப்படாமல்.
'அக்கா, இருநூறு கூடுதல் இருக்கு'
என்று நீட்டினாள்.

வாங்கி நான் மறுபடி எண்ணினேன்.
ஆமாம்.
இருநூறு கூடுதல்.